மைசூரில் சட்டம் பயின்றோரும் பயில்வோரும்

மைசூர் என்றவுடனே தமிழ் மக்களாகிய நம் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன தசராப் பெருவிழாவும், சாமுண்டி மலையும், சந்தனமும், பட்டுமே ஆகும். அந்நகரத்தைச் சட்டக் கல்வியோடு சேர்த்து எண்ணுவோர் நம்மில் மிகச் சிலர். ஆயினும், அதே தசரா விழாவை ஒட்டி, 1881-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சமஸ்தானத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்த நிலக்கிழார்களும் வணிகர்களும் மைசூரில் ஓர் அவையாகக் கூடினர். ஆட்சி நடந்த விதம் அவர்கள் முன்னிலையில் எடுத்துரைக்கப்பட்டது. தம் குறைகளை வாய்விட்டுக் கூற அவர்களுக்கும் இடம் அளிக்கப்பட்டது. மைசூர்ப் பிரதிநிதித்துவ சபை எனப் பெயர் பெற்ற அவ்வவைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் தொடக்கத்தில் இல்லை. எனினும், ஆளுவோர் தம் செயலுக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்னும் கருத்துக்கு அங்கே ஒரு வித்து ஊன்றப்பட்டது. சட்டம் என்பதன் உயிர்நாடியும் அக்கருத்தேயன்றோ?

அவ்வவையைக் கூட்டிய திவான் ரங்காச்சார்லு, செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சென்றவர். அவர் பெயரால் எழுந்த மண்டபம் மைசூர் நகரத்தின் நடுவே இன்றும் நின்று கொண்டிருக்கின்றது. அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து, சென்னையில் பயின்று, பி.எல். பட்டமும் பெற்றவர். அவர் காலத்திலேயே, 1884-இல், மைசூர்ச் சமஸ்தானத்திற்குத் தலைமை நீதிமன்றம் ஒன்று அமைந்தது. அதுவே 1930-இல் உயர்நீதிமன்றம் என்னும் பெயரை ஏற்றது.

இவற்றை நாம் எடுத்துரைப்பது, மைசூரின் பெருமையைத் தமிழர்க்கு உரியதாக்கிக் கொள்வதற்கு அன்று. அந்நாட்டின் நீதிமுறையை உருவாக்கியவர்களில் பலர் தம் சட்ட அறிவைப் பெறச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது என்பதை நினைவூட்டவே ஆகும். நீதிமன்றம் மைசூருக்கு வந்துவிட்டது. சட்டம் கற்பிக்கும் கூடம் மட்டும் அங்கே வரவில்லை. அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் காத்திருப்பின் வரலாறும், அது முடிந்த பின் மாணாக்கர்க்குத் திறந்த வாய்ப்புகளின் வரலாறுமே இவ்வுரையின் பொருளாகும்.

சென்னையில் சட்ட வகுப்புகள் 1855-ஆம் ஆண்டிலேயே மாநிலக் கல்லூரியில் தொடங்கிவிட்டன. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1891-இல் சட்டத்திற்கெனத் தனிக் கல்லூரியே எழுந்தது. தென்னாட்டின் நான்கு திசைகளிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து குவிந்தனர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜகோபாலாச்சாரியார் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ. பயின்றார்; சட்டத்திற்குச் சென்னைக்கே சென்றார்; பின்னர்ச் சேலத்தில் வழக்கறிஞரானார். அவர் கல்லூரிக் கல்விக்குப் பெங்களூர் போதியதாய் இருந்தது. சட்டக் கல்விக்குப் போதவில்லை.

1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும், திவான் விசுவேசுவரய்யாவின் ஊக்கமும் அதற்குத் துணை நின்றன. சுதேச சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் அதுவே. அதன் முதல் துணைவேந்தர் எச். வி. நஞ்சுண்டய்யா, சென்னையில் சட்டம் பயின்று, மைசூர்த் தலைமை நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். ஆகவே, சட்டம் அறிந்தவர் ஒருவரே அப்பல்கலைக்கழகத்தின் முதல் நடத்துநராய் அமைந்தார். இருந்தும், சட்டக் கல்லூரி அதனோடு பிறக்கவில்லை. 1917-இல் பெங்களூரில் பொறியியற் கல்லூரி வந்தது. 1924-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. 1930-இல் அது மைசூர் நகருக்கும் இடம் பெயர்ந்தது. சட்டம் மட்டும் பின்தங்கியே நின்றது.

அதுவரை மைசூர் இளைஞர் என் செய்தனர்? சென்னையை நாடியோர் போக, மற்றையோர் வடக்கே புனா நகரத்தை நோக்கினர். அங்கே 1924-இல் ஒரு சட்டக் கல்லூரி தோன்றியிருந்தது. பிற்காலத்தில் மைசூர் மாநிலத்தின் முதலமைச்சராகவும், அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகவும் விளங்கிய நிஜலிங்கப்பா, பெங்களூரில் பட்டம் பெற்றபின் புனாவிற்குச் சென்றே சட்டம் கற்றார். பெங்களூரில் விதான சௌதா என்னும் பெருமாளிகையை எழுப்பிய முதலமைச்சர் அனுமந்தய்யா, மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டுப் புனாவிற்கே சென்றார். இந்தியாவின் தலைமை நீதிபதியாக 1989-இல் பொறுப்பேற்ற வேங்கடராமய்யாவும் மகாராஜா கல்லூரியின் மாணவரே. அவரும் சட்டம் பயிலப் புனாவையும் பெல்காமையும் நாட வேண்டியிருந்தது. அந்நாளில் அவ்விரண்டு ஊர்களும் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தவை.

இம்மூவரும் புகழ் பெற்றனர். அதனால் அவர்கள் சென்ற வழி நமக்குத் தெரிகின்றது. ஆனால், செல்ல இயலாமல் நின்றுவிட்டவர் எத்தனை பேர்? ரயில் கட்டணமும், விடுதிச் செலவும், அறியாத ஊரில் அயல் மொழியோடு படும் பாடும் தாங்கக் கூடிய குடும்பங்களுக்கே சட்டக் கல்வி உரியதாயிருந்தது. ஊர் விட்டு ஊர் சென்று வாழும் நமக்கு இத்துன்பம் புதியதன்று. கல்விச்சாலை தொலைவில் இருக்கும்போது, முதலில் விடுபட்டுப் போவோர் ஏழைகளும் பெண்மக்களுமே என்பதை நாம் நம் வீடுகளிலேயே கண்டிருக்கின்றோம்.

பெண்மக்களைப் பற்றிய செய்தி தனியே கூறத்தக்கது. அவர்களுக்குத் தொலைவு மட்டுமன்றிச் சட்டமே தடையாய் நின்றது. ஆக்ஸ்போர்டில் 1892-இலேயே சட்டத் தேர்வு எழுதிய கார்னிலியா சொராப்ஜி போன்றாரும் வழக்கறிஞராய் நிற்க நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே, பெண் என்னும் காரணத்தால் ஒருவரை வழக்கறிஞர் தொழிலினின்றும் விலக்கலாகாது என வழி திறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 1929-இல் ஆனந்தபாய் என்னும் அம்மையார் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். நம் பெண்கள் இன்று கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றப் படியேறுவது, நூறு ஆண்டுகளுக்கு முன் எளிதில் எண்ணவும் இயலாத ஒன்றாய் இருந்தது.

1948-ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், பெங்களூரில் அரசினர் சட்டக் கல்லூரி தொடங்கப் பெற்றது. பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியாக உயர்ந்த வேங்கடாசலய்யா, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்று 1951-இல் வழக்கறிஞரானார். வேங்கடராமய்யாவுக்கும் இவருக்கும் இடையே வயதால் ஐந்தாறு ஆண்டுகளே வேற்றுமை. அச்சிறிய இடைவெளிக்குள், புனாவரை செல்ல வேண்டிய தூரம் பெங்களூர் அளவாகக் குறுகியது.

அதன்பின் மைசூர் நகரத்திற்கே சட்டக் கல்வி வந்தது. சாரதா விலாஸ், வித்யாவர்த்தக ஆகிய கல்வி நிறுவனங்கள் சட்டக் கல்லூரிகளை நடத்தின. 1982-இல் ஜே. எஸ். எஸ். சட்டக் கல்லூரி தோன்றியது. மானசகங்கோத்ரி எனப்படும் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டத்திற்கெனத் தனித்துறையும் அமைந்தது. 2009-இல் கர்நாடக மாநிலச் சட்டப் பல்கலைக்கழகம் ஹூப்ளியில் நிறுவப்பட்டபோது, மாநிலத்துச் சட்டக் கல்லூரிகள் அதன் குடைக்கீழ் வந்தன.

கல்லூரி பக்கத்தில் வந்ததால் நேர்ந்த பயன் யாது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். மைசூரை அடுத்த சித்தராமனஹுண்டி என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த சித்தராமையா, பத்து வயது வரை முறையான பள்ளிக்கூடம் அறியாதவர். அவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றபின், சாரதா விலாஸ் சட்டக் கல்லூரியில் சட்டம் பயின்றார். மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் தொழில் பழகினார். சிலகாலம் சட்ட ஆசிரியராகவும் இருந்தார். பின்னர் அரசியலில் புகுந்து, 2013-இலும் 2023-இலும் கர்நாடகத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அவருடைய அரசியலை ஏற்போரும் ஏற்காதோரும் உண்டு. அது ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. சட்டக் கல்லூரி புனாவில் மட்டுமே இருந்திருப்பின், அச்சிற்றூர்ச் சிறுவன் அதன் வாயிலை மிதித்திருப்பானா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

இனி, சட்டக் கல்லூரிக்குள் நுழைந்த மாணாக்கர் அங்கே செய்வது யாது என்பதைக் காண்போம். புத்தகத்தை நெட்டுருச் செய்து தேர்வு எழுதுவதே சட்டக் கல்வி என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். ஒருகாலத்தில் அஃது உண்மையாகவும் இருந்தது. மாலையிலோ காலையிலோ சில மணி நேரம் வகுப்பு; ஆண்டு முடிவில் தேர்வு; பிறகு ஒரு வக்கீலின் அலுவலகத்தில் கட்டுகளைத் தூக்கித் திரிந்து தொழில் பழகுதல் என்னும் முறையே நெடுநாள் நிலவியது. ஆயினும், கேட்டும் பேசியுமே சட்டம் வளரும் என்பதை முன்னோர் உணராமல் இல்லை. இலண்டன் மாநகரத்தில் வழக்கறிஞர் பயிலும் விடுதிகளில், கற்பனை வழக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மாணாக்கர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. சென்னையிலும், மயிலாப்பூர் வழக்கறிஞர் சிலர் சனிக்கிழமைதோறும் கூடித் தீர்ப்புகளை ஆராய்ந்த கழகத்திலிருந்தே, 1891-இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்னும் சட்ட இதழ் பிறந்தது.

அந்த வாத முறையே இன்று மாதிரி நீதிமன்றம் என்னும் பெயரால் சட்டக் கல்லூரிகளில் நடைபெறுகின்றது. இந்தியப் பார் கவுன்சில் 2008-இல் வகுத்த விதிகள் அதனைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டன. அவ்விதிகளின்படி மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதிரி வழக்குகளில் பங்கு கொள்ள வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் மதிப்பெண் 10. அதில் பாதி எழுத்து வடிவான வாதத்திற்கும், மறுபாதி வாய்மொழி வாதத்திற்கும் உரியது. அன்றியும், உண்மையான நீதிமன்றத்திற்குச் சென்று, உரிமையியல் வழக்கு ஒன்றும் குற்றவியல் வழக்கு ஒன்றும் விசாரிக்கப்படுவதைக் கண்டு குறிப்பெழுத வேண்டும். கட்சிக்காரரை வழக்கறிஞர் எவ்வாறு விசாரித்து உண்மையை அறிகின்றார் என்பதையும் இருமுறை உடனிருந்து கவனித்து, நாட்குறிப்பில் எழுதி வைக்க வேண்டும்.

இவற்றோடு நேர்முகப் பயிற்சி என்பதும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தோர் குறைந்தது 12 வாரங்களும், பள்ளியிறுதி முடித்தவுடன் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தோர் 20 வாரங்களும் இப்பயிற்சியைப் பெற வேண்டும் என்பது விதி. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமோ, மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமோ, தொண்டு நிறுவனத்திலோ, சட்டமன்றத்திலோ, உள்ளாட்சி மன்றத்திலோ, வணிக நிறுவனத்திலோ அதனைப் பெறலாம். மைசூர் மாணாக்கர்க்கு மாவட்ட நீதிமன்றம் நகரத்திலேயே இருக்கின்றது. உயர்நீதிமன்றம் பெங்களூரில், ரயிலில் மூன்று மணிப் பயணத்திற்குள் இருக்கின்றது. இவ்விரண்டையும் கண்டு வருவதற்கு ஒரு மாணவன் வீட்டை விட்டுக் குடிபெயர வேண்டியதில்லை.

வாதத் திறமையில் நம் நாட்டு மாணாக்கர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர் என்பதும் நிலைநாட்டப்பட்டுள்ளது. சர்வதேசச் சட்டத்தில் உலக மாணாக்கர் போட்டியிடும் ஜெசப் மாதிரி வழக்குப் போட்டி 1960-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பெங்களூரில் மாதவ மேனன் அவர்களைத் தலைவராகக் கொண்டு 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய தேசிய சட்டப் பள்ளியின் மாணாக்கர், 1999-இலும் 2013-இலும் அப்போட்டியில் உலக வெற்றியை ஈட்டினர். வெளிநாட்டு மேற்படிப்பும் அரிதன்று. மைசூர் மகாராஜா கல்லூரியிலும் பெங்களூர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்ற எஸ். எம். கிருஷ்ணா, புல்பிரைட் உதவி பெற்று அமெரிக்கா சென்று சட்டம் பயின்றார். பின்னர் முதலமைச்சராகவும் மத்திய வெளியுறவு அமைச்சராகவும் பணியாற்றினார்.

பரிசும் பதவியும் நல்லனவே. ஆனால், அவற்றினும் மேலான ஒரு வாய்ப்புச் சட்ட மாணாக்கர்க்கு உண்டு. அஃது இலவச சட்ட உதவிப் பணியாகும். ஏழைக்கு நீதி எட்டாப் பொருளாய் இருப்பதைக் கண்டு, அதற்கு வழி வகுக்க முயன்றோருள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் ஒருவர். பாலக்காட்டில் பிறந்து சென்னையில் சட்டம் பயின்ற அவர் தலைமையில் அமைந்த குழு 1973-இல் தன் அறிக்கையை அளித்தது. 1976-இல் அரசியலமைப்பில் 39-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, இலவச சட்ட உதவி அரசின் கடமையாக்கப்பட்டது. பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றிப் பல ஆண்டுகள் கிடந்தோரின் நிலை 1979-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது, வழக்கறிஞரை அமர்த்திக் கொள்ள இயலாத ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞரை அளிப்பது நியாயமான விசாரணையின் இன்றியமையாத பகுதி என்று அம்மன்றம் கூறியது. 1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின்படி பெண்களும், குழந்தைகளும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், ஆலைத் தொழிலாளரும், மாற்றுத்திறனாளிகளும், காவலில் உள்ளோரும், வரம்பிற்குட்பட்ட வருவாய் உடையோரும் கட்டணமின்றிச் சட்ட உதவி பெற உரியவர். 2011-இல் வகுக்கப்பட்ட விதிமுறைகள், சட்டக் கல்லூரிகளிலேயே சட்ட உதவி மையங்கள் அமைய வழி செய்தன. மாணாக்கர் ஆசிரியரின் மேற்பார்வையில் சிற்றூர்களுக்குச் சென்று, மக்களின் குறைகளைக் கேட்டு, விண்ணப்பம் எழுதித் தரவும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திற்கு வழி காட்டவும் இயலும். வழக்காடும் உரிமை பட்டம் பெற்றுப் பதிவு செய்த பின்னரே வரும். ஆனால், ஓர் ஏழையின் குறையைப் பொறுமையோடு கேட்கும் உரிமைக்குப் பட்டம் வேண்டியதில்லை.

இவ்விடத்தேதான் பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கென ஒரு தனிப் பங்கு இருக்கின்றது. அது மொழியைப் பற்றியது. உயர்நீதிமன்றத்தின் மொழி, அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி, பொதுவாக ஆங்கிலம். ஆனால், கர்நாடகத்தின் கீழ் நீதிமன்றங்களில் கன்னடம் ஆட்சி செலுத்துகின்றது. சாட்சி கன்னடத்தில் பேசுவார். காவல் நிலையத்தார் எழுதும் முதல் தகவல் அறிக்கையும், நிலத்தின் பத்திரமும், பட்டாவைப் போன்ற பதிவுகளும் கன்னடத்திலேயே இருக்கும். ஆகவே, வீட்டில் தமிழ் பேசி, ஆங்கிலப் பள்ளியில் பயின்று, கன்னடத்தைக் கடைத்தெரு அளவிலே மட்டும் கற்ற நம் பிள்ளைகள், மைசூர் மாவட்ட நீதிமன்றத்தில் நின்று வாதிட விழைந்தால் தடுமாறுவர். கர்நாடக நீதித்துறைத் தேர்விலும் கன்னட அறிவு வேண்டப்படுகின்றது. கன்னடத்தை எழுதவும் படிக்கவும் செவ்வையாகக் கற்றல், அங்கே சட்டம் பயில விரும்பும் தமிழ்ப் பிள்ளையின் முதற் கடமை என்று நாம் தயங்காமல் கூறுவோம்.

அவ்வாறு கற்றபின், அப்பிள்ளையின் தாய்மொழி அவனுக்குச் சுமையாவதில்லை, செல்வமாகின்றது. மைசூரைச் சுற்றியுள்ள நிலப்பகுதியின் வரலாறே இதனை விளக்கும். கொள்ளேகால் தாலுகா 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பினால் ஒரே நாளில் அது மைசூர் மாவட்டத்திற்கு மாறியது. 1997-இல் தோன்றிய சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. அவ்வூர் மக்கள் வீட்டை விட்டு ஓரடியும் பெயரவில்லை. ஆனால், அவர்களுடைய மேல்முறையீடு செல்லும் உயர்நீதிமன்றம் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பெயர்ந்துவிட்டது. எல்லையோரங்களிலும், குடகின் காப்பித் தோட்டங்களிலும், கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளர் பலர் உளர். அவர்களுள் ஒருவர் கூலி கிடைக்காமலோ, விபத்துற்றோ, காவல் நிலையத்தில் நிறுத்தப்பட்டோ தவிக்கும்போது, தமக்கு எதிரே எழுதப்படுவது இன்னது என்று அறியவும் வகையற்று நிற்பர்.

மொழி அறியாமை உயிர்நிலையையே தொடும் என்பதை உச்சநீதிமன்றம் 1962-இல் ஒரு வழக்கில் காட்டிற்று. மகாராட்டிரத்தில் ஹரிகிசன் என்பவர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். அதற்கான காரணங்கள் அவர்க்கு ஆங்கிலத்தில் அளிக்கப்பட்டன. தமக்கு ஆங்கிலம் தெரியாது; இந்தியில் வேண்டும் என்று அவர் கேட்டார்; மறுக்கப்பட்டது. வாய்மொழியாக விளக்கினோம் என்பது போதாது. தாம் அறிந்த மொழியிலும் எழுத்திலும் காரணங்கள் கிடைத்தாலன்றி, ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ள எதிர்வாதம் செய்ய இயலாது என்று உச்சநீதிமன்றம் தீர்த்து அவரை விடுவித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும், குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குப் புரியாத மொழியில் சாட்சி கூறப்பட்டால், அதனை அவர் அறிந்த மொழியில் திறந்த மன்றத்திலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கின்றது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் அவ்விதி தொடர்கின்றது.

விதி ஏட்டில் இருக்கின்றது. அதனை நிறைவேற்றுவதற்கு இரு மொழியும் அறிந்த மனிதர் வேண்டும். கன்னடமும் தமிழும் நன்கறிந்த சட்ட மாணவி ஒருத்தி, சட்ட உதவி மையத்தில் வாரம் ஒரு நாள் அமர்ந்தாலும், அவளால் காக்கப்படுவோர் பலராவர். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன, அவை நடக்கட்டும். அவற்றோடு, சட்டம் பயிலும் நம் பிள்ளைகளைச் சட்ட உதவி மையத்தோடு இணைத்து, எந்தத் தொழிலாளி எங்கே சென்று உதவி கேட்கலாம் என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் ஒரு சிறு கூட்டத்தையும் அச்சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தினால், அதுவும் தமிழ்ப் பணியே ஆகும்.

பெற்றோர்க்கு ஓர் ஐயம் எழலாம்: மைசூரில் பயின்ற பிள்ளை, நாளை நாம் சொந்த ஊர் திரும்பினால் என் செய்வான்? முற்காலத்தில் அவ்வையத்திற்கு இடமிருந்தது. இன்றோ, வழக்கறிஞர் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்ததனால், ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற வழக்கறிஞர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யும் உரிமை உடையவர். சட்டப் பட்டத்திற்குப்பின் அகில இந்திய அளவில் பார் கவுன்சில் நடத்தும் தேர்விலும் வெற்றி பெறல் வேண்டும். நீதிபதியாக விழைவோர் தொடக்க நிலைப் பதவிக்கே மூன்றாண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. எனவே, நீதிமன்றத்தில் நின்று பழகும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே மேற்கொள்வது முன்னிலும் இன்றியமையாததாகிவிட்டது.

தொழிலின் தொடக்க ஆண்டுகள் கடினமானவை என்பதையும் மறைத்தல் முறையன்று. உறவினர் எவரும் வழக்கறிஞராய் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு, மூத்தவர் ஒருவரின் அலுவலகத்தில் இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தபின்னும் கைப்பொருள் மிகுதியாய் வாராது. வேற்று மாநிலத்திற் குடியேறிய நமக்கு இக்குறை இருமடங்கு. படிக்கும் காலத்திலேயே மாதிரி நீதிமன்றத்திலும், நேர்முகப் பயிற்சியிலும், சட்ட உதவி மையத்திலும் ஊக்கத்தோடு உழைத்தவரை வழக்கறிஞரும் நீதிபதியும் நேரில் அறிவர். உறவினால் வாராத அறிமுகம், உழைப்பினால் வரும். ஆகவே, இச்செயல்களைப் பாடத்திற்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று பெற்றோர் தடுத்தல் ஆகாது.

ரங்காச்சார்லுவும் சேஷாத்திரி ஐயரும் வெளியிலிருந்து மைசூருக்குச் சென்றனர். அந்நாட்டின் நிலையை அறிந்தனர். அந்நாட்டு மக்களுக்கே பணி செய்தனர். நிஜலிங்கப்பாவும் அனுமந்தய்யாவும் வெளியே சென்று கற்றதைத் தம் நாட்டிற்குக் கொண்டு வந்தனர். இவ்விரு பயணங்களின் தேவையும் இன்று நம் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்கள் மைசூரிலேயே பிறந்து, மைசூரிலேயே கற்று, அங்குள்ள நீதிமன்றத்திலேயே கன்னடத்தில் வாதிடலாம், அந்நீதிமன்றத்தின் வாயிலில் திகைத்து நிற்கும் தமிழ்த் தொழிலாளியிடம் தமிழில், "ஐயா, உங்கள் குறை என்ன?" என்றும் கேட்கலாம். கல்லூரி வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நாடு அது. கதவு திறந்தபின் உள்ளே செல்லாமல் நின்றுவிடுவோமாயின், அது நம் குறையே ஆகும்.